கைகள் மட்டும் தெரியும் வகுப்பு

என் அக்கா பதினோரு வருஷம் ஒரு ஸ்வெட்டர் கம்பெனியில் பரிசோதனைப் பிரிவில் இருந்தவள். கண்ணாடி மேஜை, அதன் அடியில் விளக்கு, மேலே துணி. நாளெல்லாம் குறை பார்ப்பதுதான் உத்தியோகம். ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தாலும் ஒரு வரிசை இறுகியிருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி அடுத்த மேஜைக்குத் தள்ளிவிட வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் ஓயாது. அத்தான் சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டாள், அவர் சட்டைக் காலரில் பிரிந்திருக்கும் தையலைத்தான் பார்ப்பாள். நான் புதுத் துணி எடுத்தால் இரண்டு நாள் அவள் கண்ணில் படாமல் ஒளித்து வைத்துத்தான் உடுத்துவேன்.

கம்பெனி திடீரென்று இழுத்து மூடப்பட்டது. மூன்று மாதம் அக்கா வீட்டில் இருந்தாள். அந்த மூன்று மாதத்தில் அத்தானும் நானும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அத்தான் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். பாதியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களைப் பேச்சுக் கொடுத்தே அமைதிப்படுத்துகிற ஆள். அவரே ஒருநாள் என் வீட்டுக்கு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்காவை யாருக்காவது பின்னல் சொல்லிக்கொடுக்க உட்கார வைத்தால் குறை சொல்வதும் ஒரு வேலையாகிவிடும், நமக்கும் விடுதலை என்று நான்தான் யோசனை சொன்னேன். கம்ப்யூட்டர் வழியாக வகுப்பு, வாரம் இரண்டு நாள், மதியம் மூன்று மணி. பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் எனக்குக் காலை வேலைதான், மதியம் சும்மா இருந்தேன். ஆள் சேர்ப்பதும் பதில் போடுவதும் என் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டேன். யாரைக் குறை சொன்னாலும் இந்த ஆரம்பம் என்னால்தான் என்பதை நான் மறைக்க முடியாது.

முதல் வகுப்பு படுதோல்வி. ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரும் திரையில் தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வகுப்பு நடக்கும்போதே எழுந்துபோய்ப் பொட்டை மாற்றிக்கொண்டு வந்தாள். இரண்டாவது வகுப்பில் அதைவிட மோசம். அதில் ஒரு பெண், இன்னொரு பெண்ணுடைய கணவரின் மேலதிகாரிக்கு மனைவி என்று பேச்சுவாக்கில் தெரிந்துபோயிற்று. அப்புறம் அந்த மேலதிகாரி மனைவி எவ்வளவு கோணலாகப் பின்னினாலும், மற்றவள் ஆகா ஓகோ என்று புகழ ஆரம்பித்துவிட்டாள். அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "முகம் பின்னாது, பேரு பின்னாது. கைதான் பின்னும். கையை மட்டும் காட்டச் சொல்லு" என்றாள்.

அன்றிலிருந்து அதுவே சட்டம். கேமரா கையைப் பார்க்க வேண்டும், முகம் தெரியக் கூடாது. மைக் அணைந்திருக்க வேண்டும். சந்தேகம் இருப்பவர் கையைத் தூக்கினால் அக்கா அனுமதித்த பிறகு திறந்துகொள்ளலாம். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்ற பேச்சே வேண்டாம். ஆளுக்கொரு பட்டப்பெயர் போதும். நான் தயாரித்த சேர்க்கைப் படிவத்தில் மூன்றே கேள்விகள்தான் இருந்தன: பட்டப்பெயர் என்ன, நூல் என்ன நிறம், முன்பு பின்னிப் பழக்கம் உண்டா. அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற கேள்வியை முதலில் வைத்திருந்தேன். பின்னல் வகுப்பில் என்ன அவசரம் வந்துவிடப் போகிறது என்று நானே எடுத்துவிட்டேன். பல் மருத்துவரின் வரவேற்பு மேஜையில் தினமும் முப்பது பேரிடம் அதே கேள்வியைக் கேட்கிறவள்தான் நான்.

யாரும் எதிர்பார்க்காதபடி அந்தச் சட்டம்தான் வகுப்பைத் தூக்கி நிறுத்தியது. தலை சீவ வேண்டாம், வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டாம், யாருக்கும் யாரையும் தெரியாது. ஆட்கள் நிம்மதியாக வந்தார்கள். இரண்டு நாள் வகுப்பு நான்கு நாளாயிற்று. கற்றுக்கொண்டவர்கள் விட்டுப்போக மனமில்லாமல் சும்மா சேர்ந்து உட்கார்ந்து பின்ன ஒரு குழு கேட்டார்கள், அதையும் தொடங்கினோம். அத்தான் பழைய மேஜை விளக்கின் கழுத்தில் கேமராவைக் கட்டி, அக்காவின் கைக்கு மேலே தொங்கவிட்டுக் கொடுத்தார். குழுவில் ஒரு பஸ் ஓட்டுநர் உண்டு. இரண்டு டிரிப்புக்கு நடுவே, நிறுத்திவைத்த வண்டிக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங் மேல் முழங்கையை ஊன்றிப் பின்னுவார். எல்லாருக்கும் அவர் டிரைவர் அண்ணன். அவருடைய கட்டத்தில் மட்டும் சில சமயம் ஹாரன் பட்டன் தெரியும். அக்கா அவரிடம், முழங்கை வழுக்கினால் தெருவுக்கே கேட்கும் என்று சொல்லிச் சிரிப்பாள்.

பச்சைம்மா வந்து சேர்ந்தது எட்டு மாதத்துக்கு முன்பு. நூல் பச்சை நிறம், அதனால் அந்தப் பெயர். வயது அறுபதை ஒட்டி இருக்கலாம் என்று கையைப் பார்த்து நாங்கள் கணக்குப் போட்டதுதான். கட்டம் போட்ட மேஜை விரிப்பு, அதன் ஒரு ஓரத்தில் கழற்றி வைத்த கைக்கடிகாரம், ஒட்ட வெட்டிய நகங்கள். வகுப்பு தொடங்கும் முன் நூல் உருண்டையை இடப்பக்கம் வைப்பார். அக்கா வலப்பக்கம் வைக்கச் சொன்னதிலிருந்து வலப்பக்கம் வைப்பார். ஒரு தடவை சொன்னால் போதும், திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் எல்லாம் "இப்படியே வந்துடுச்சு, இருக்கட்டும் டீச்சர்" என்று மழுப்புவார்கள். பச்சைம்மா மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் அத்தனை வரிசையையும் பிரித்துவிட்டு மறுபடி தொடங்குவார். வாத்தியார் வேலை பார்க்கிறவர்களுக்கு இப்படி ஒரு மாணவர் கிடைத்தால் கொஞ்சம் கர்வம் வந்துவிடும். அக்காவுக்கும் வந்தது. அது கர்வம்தான் என்று இப்போது சொல்கிறேன், அப்போது நானும் சேர்ந்து பூரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பச்சைம்மாவின் வலது ஆள்காட்டி விரலிலிருந்து நூல் நழுவியது. எடுத்து மாட்டினார், மறுபடி நழுவியது. அக்கா அவரைக் கூப்பிட்டு, "பச்சைம்மா, நூலை விரல்ல இன்னொரு சுத்து சுத்திக்கோங்க. அப்ப நழுவாது" என்றாள். பச்சைம்மா சுற்றிக்கொண்டார். முதலில் சுற்றத் தெரியாதவர்போல் விரல் தடுமாறியது. ஐந்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகிப் பழையபடி கை ஓடத் தொடங்கியது. அக்கா என் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினாள். பார்த்தாயா, எப்படி ஒரே சொல்லில் சரிசெய்தேன் என்று அர்த்தம்.

பத்து நாள் கழித்து மறுபடியும் அதேபோல் ஆயிற்று. இந்தத் தடவை ஊசியே சாய்ந்தது. கண்ணிகள் ஒரு பக்கம் தொளதொளவென்று விழுந்தன. அக்கா, முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொள்ளச் சொன்னாள், ஊசியைக் கொஞ்சம் கீழே தள்ளிப் பிடிக்கச் சொன்னாள், நூலை இன்னும் ஒரு சுற்றுக் கூட்டச் சொன்னாள். அன்றும் கால்மணி நேரத்தில் சரியாகிவிட்டது. அடுத்த வகுப்பில் குறை ஒன்றுமே இல்லை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாரையும் ஊசியை நிறுத்தச் சொல்லிவிட்டு, "பச்சைம்மா கையைப் பாருங்க. போன வாரம் எப்படி இருந்துச்சு, இப்ப எப்படிப் பிடிக்கிறாங்க" என்று உதாரணம் காட்டினாள். பச்சைம்மா வெட்கப்பட்டுக் கையை மடித்து விரிப்புக்குள் வைத்துக்கொண்டார். மூன்றாவது தடவை நழுவியபோது அக்கா சொல்வதற்கு முன்பே அவராகவே ஒரு சுற்றுக் கூட்டிக்கொண்டார்.

அடுத்து வந்தது அந்த வியாழக்கிழமை.

மூன்று மணி வகுப்பு, எட்டுக் கட்டங்கள். கழுத்துப் பகுதியில் கண்ணி குறைப்பது எப்படி என்று அக்கா காட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகைப் பதிவை முடித்துக்கொண்டிருந்தேன். மூன்று இருபத்தைந்துக்குப் பச்சைம்மாவின் வலது கை விரிப்பின் மேல் இறங்கியது. ஊசி உருண்டு மேஜை ஓரம் போய் விழுந்தது. பாதிப் பின்னலிலிருந்து கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன. அப்போது அக்கா சொன்ன வார்த்தையை நான் மாற்றாமல் எழுதுகிறேன். "பச்சைம்மா, ஊசி விழுந்துடுச்சு. முதல்ல ஊசியை எடுங்க, கண்ணி எல்லாம் கழண்டுடும்."

இடது கை கொஞ்ச நேரம் விரிப்பைத் தடவியது. அப்புறம் அதுவும் மேஜையை விட்டுக் கீழே போய்விட்டது. வலது கை மட்டும் அப்படியே கிடந்தது. விரலில் நூல் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. அக்கா இரண்டாவது முறை ஊசி என்று தொடங்கி, பாதியிலேயே நிறுத்தினாள். பின்பு மைக்கைத் திறக்கச் சொன்னாள். எங்கள் பக்கத்திலிருந்து அவருக்கு வேண்டுகோள்தான் அனுப்ப முடியும், திறப்பது அவர் கையில் இருக்கிறது. அந்தக் கை அசையவில்லை. அங்கே என்ன சத்தம், யாராவது இருக்கிறார்களா, மூச்சு விடுகிறாரா என்று எதுவும் தெரியவில்லை.

வகுப்பு லிங்க் அனுப்புவதற்காக வாங்கிய அவருடைய போன் எண் மட்டும் என்னிடம் இருந்தது. கூப்பிட்டேன். கூப்பிட்டதும் திரையில் அவருடைய கட்டம் கறுத்துவிட்டது. ஒரு நொடி எனக்கு விளங்கவில்லை. அவர் அந்தப் போனில்தான் வகுப்பில் இருக்கிறார், மணி அடித்தால் படம் நின்றுவிடுகிறது. நான் வைத்தேன், கை திரும்ப வந்தது. மறுபடி கூப்பிட்டேன், கை மறைந்தது. பக்கத்து அறையில் யாராவது இருந்தால் மணிச்சத்தம் கேட்டு வரலாம். அதனால் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் அவரைப் பார்க்க முடியாது. அக்கா என் கையிலிருந்த போனைப் பிடுங்கி, கூப்பிடாதே, பார்க்க விடு என்றாள். அரை நிமிஷம் பார்த்துவிட்டு, கூப்பிடு என்று என்னிடமே திருப்பித் தந்தாள். இப்படி எத்தனை முறை மாற்றி மாற்றிச் செய்தோம் என்று நினைவில்லை.

அன்று வீட்டிலிருந்த அத்தான் அவசர உதவி எண்ணுக்குப் பேசினார். அவர் எத்தனையோ முறை அந்த எண்ணில் பேசியவர், அவர்கள் என்ன கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். முகவரி கேட்டார்கள், தெரியாது என்றார். ஊர் கேட்டார்கள், தெரியாது என்றார். அந்தப் பக்கம் பொறுமையாகத்தான் பேசினார்கள், எண்ணை வைத்துத் தேட வேண்டுமானால் போலீஸ் மூலமாக வர வேண்டும் என்றார்கள். காவல் நிலையம் எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது. நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். மேஜையில் இருந்தவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர் கேட்டார். பச்சைம்மா என்றேன். அப்பா பெயரோ கணவர் பெயரோ கேட்டார், தெரியாது என்றேன். உங்களுக்கு என்ன உறவு என்றார். எங்களிடம் பின்னல் படிக்கிறவர் என்றேன். ஆள் பார்க்க எப்படி இருப்பார் என்று கேட்டார்.

"முகத்தைப் பார்த்ததில்ல சார். கை தெரியும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் எழுந்து வெளியே போகச் சொல்லியிருப்பேன். அவர் எண்ணை வாங்கி எங்கோ அனுப்பினார், பதில் வர ஒரு மணி நேரம் ஆகலாம் என்றார்.

நான் திரும்பி வந்தபோது வகுப்பில் யாரும் விட்டுப் போயிருக்கவில்லை. மற்ற ஏழு கட்டத்திலும் கைகள் சும்மா இருந்தன. எல்லாரும் மைக்கைத் திறந்துவிட்டிருந்தார்கள், அந்தச் சட்டத்தை இப்போது யாரும் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். அவர் ஒருமுறை தன் ஜன்னலுக்கு வெளியே ரயில் போகும் என்று சொன்னதாக ஒருவர் சொன்னார். ரயில் ஓடும் ஊர் ஆயிரம் இருக்கிறது. மூன்றே முக்காலுக்கு டிரைவர் அண்ணன் பேசினார். வண்டியில் ஆட்கள் ஏறிவிட்டார்கள், எடுத்தே ஆக வேண்டும் என்றார். "என்ன ஆச்சுன்னு எனக்கு ஒரு மெசேஜ் போட்டுடுங்க டீச்சர். நான் வழியில நிறுத்திப் பாத்துக்கிறேன்" என்றார். அவருடைய கட்டம் அணைந்தது.

நான்கு பத்துக்குப் பச்சைம்மாவின் கட்டத்தில் நிழல் விழுந்தது. ஒரு கை வந்தது. கோதுமை நிறம், கையில் இரண்டு மெல்லிய வளையல், முழங்கை வரை ஈரம். அது பச்சைம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தது, பிடித்து உலுக்கியது. அக்கா எழுந்து நின்று, "ஆம்புலன்ஸ கூப்பிடுங்க, நாற்பத்தஞ்சு நிமிஷமாச்சு, நாற்பத்தஞ்சு நிமிஷம்னு சொல்லுங்க" என்று கத்தினாள். அந்தக் கைக்குச் சொந்தக்காரருக்கு அது காதில் விழுந்ததா என்று தெரியாது. போனை எடுத்தார். உட்கூரையும் ஒரு மின்விசிறியும் பக்கவாட்டில் சுற்றிப் போயின. கட்டம் அணைந்தது. அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் யாரும் எடுக்கவில்லை. போலீஸிடமிருந்தும் பதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பு நடக்கவில்லை. அக்கா பழைய வகுப்புகளின் பதிவுகளைப் போட்டுப் பார்க்கத் தொடங்கினாள். வர முடியாதவர்களுக்கு அனுப்புவதற்காக ஒவ்வொரு வகுப்பையும் பதிவு செய்து வைப்பது எங்கள் வழக்கம். நான் நிறுத்தச் சொன்னேன், கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, ஒரே கட்டத்தை மட்டும் பார்த்தாள். கம்பெனி மேஜையில் துணியைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. மதியம் என்னைக் கூப்பிட்டாள். நூல் முதல் தடவை நழுவிய அந்தச் செவ்வாய்க்கிழமை வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. பச்சைம்மாவின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்காமல் தனியாக நிற்பதைக் காட்டினாள். ஒருமுறை காட்டிய பிறகு எனக்கும் தெரிந்தது. நூல் நழுவவில்லை, அவர் கைக்குத்தான் பிடிக்க முடியாமல் போயிருந்தது.

"நான் பார்த்தேன்டி. அன்னிக்கே பார்த்தேன். கண்ணி தளர்ந்திருக்குன்னுதான் எனக்குத் தெரிஞ்சுது" என்றாள்.

ஆறுதலாக நான் என்ன சொன்னேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. நீ டாக்டரா, உனக்கு எப்படித் தெரியும் என்றெல்லாம் சொன்னேன். அத்தனையும் உண்மைதான். அவளுக்கு அதில் ஒன்றும் உதவவில்லை. எனக்கும் உதவவில்லை.

திங்கட்கிழமை காலை பச்சைம்மாவின் எண்ணிலிருந்தே போன் வந்தது. பேசியது அவருடைய மகள். வேறு ஊரில் இருக்கிறவள், செய்தி கேட்டு வந்திருக்கிறாள். அம்மா உயிரோடு இருக்கிறார் என்றாள். நான் ஸ்பீக்கரில் போட்டேன். மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு, வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது, சொல்வதில் எவ்வளவு புரிகிறது என்று இன்னும் தெரியவில்லை. வேலைக்கு வருகிற பெண் துணி துவைத்துவிட்டு உள்ளே வந்தபோது பார்த்து ஆஸ்பத்திரிக்குச் சொல்லியிருக்கிறாள். அம்மா கடைசியாக வகுப்பில் இருந்ததால், விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று மகள் எங்களைக் கூப்பிட்டாளாம். அம்மா எந்நேரமும் டீச்சர் டீச்சர் என்று உங்கள் பேச்சாகத்தான் இருப்பார் என்றாள். அப்பா போன பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்ததே இந்த வகுப்பில் சேர்ந்த பிறகுதான் என்றாள்.

அப்புறம் அவள் இதைச் சொன்னாள். "போன மாசம் கை வழுக்குதுன்னு சொன்னாங்க. டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்கம்மான்னு சொன்னேன். அதெல்லாம் வேணாம், டீச்சர் சரி பண்ணிட்டாங்கன்னு சொன்னாங்க. உங்க மேல அவ்வளவு நம்பிக்கை."

அவள் குரலில் குத்தல் கொஞ்சமும் இல்லை. நன்றியோடுதான் சொன்னாள். நான் அக்காவைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, இப்படியே விட்டுவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. இதை நான் மறைக்கப் போவதில்லை. அக்கா போனுக்குக் கிட்டே வந்து, மூன்று தடவை கை நழுவியதையும், தான் நூலைச் சுற்றச் சொன்னதையும், முழங்கையை ஊன்றச் சொன்னதையும், மற்றவர்களுக்கு அந்தக் கையை உதாரணம் காட்டியதையும் வரிசையாகச் சொன்னாள். ஒன்றையும் பூசி மெழுகிச் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரித் தள்ளுவண்டி ஒன்று உருண்டு போகும் சத்தம் கேட்டது.

"எந்தெந்தத் தேதி?" என்று கேட்டாள் மகள். டாக்டர் கேட்பார் என்றாள். தேதி மட்டுமல்ல, பதிவே இருக்கிறது என்றாள் அக்கா. மகள் அனுப்பச் சொன்னாள். நான் உட்கார்ந்து மூன்று பதிவுகளையும் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அவளிடமிருந்து ஒரு வரியில் பதில் வந்தது. ஏற்கெனவே சின்னச் சின்ன அடைப்பு வந்து தானாக விலகியிருக்கிறது, முதல் தடவையே தெரிந்திருந்தால் மாத்திரை கொடுத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவ்வளவுதான். நீங்கள்தான் காரணம் என்று எழுதவில்லை, பரவாயில்லை என்றும் எழுதவில்லை. திட்டியிருந்தால் அக்கா அழுதாவது தீர்த்திருப்பாள். அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வகுப்பு மறுபடி தொடங்கியது. தொடங்காமல் இருக்க முடியாது, வீடு அதில்தான் ஓடுகிறது. நான் படிவத்தை மாற்றினேன். இப்போது பதினான்கு கேள்வி. ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள், ஒன்றிரண்டு பேர் சேராமலே போய்விட்டார்கள். அக்கா யார் கையில் நூல் நழுவினாலும் கையை மடக்கி விரித்துக் காட்டச் சொல்கிறாள், இரண்டு கையையும் தூக்கச் சொல்கிறாள். டிரைவர் அண்ணனைப் போன வாரம் மட்டும் மூன்று தடவை தூக்க வைத்தாள். "எனக்கு வெயில்ல வேர்த்து வழுக்குது டீச்சர்" என்று அவர் மன்றாடினார். பழைய நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

ஐந்து வாரம் கழித்து மகள் மறுபடி கூப்பிட்டாள். அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம். ஒரு உதவி வேண்டும் என்றாள். டாக்டருக்குக் காட்டுவதற்காக அந்தப் பதிவுகளைப் போட்டபோது அம்மாவின் காதில் அக்காவின் குரல் விழுந்திருக்கிறது. அதிலிருந்து தினமும் அந்தப் போனைக் காட்டிக் காட்டி அதைத்தான் போடச் சொல்கிறாராம். போடாவிட்டால் அழுகை. போட்டால், அக்காவின் குரல் வந்ததும் விழுந்துபோன வலது கையைத் தூக்கப் பார்க்கிறார். கை வராது, தோள் மட்டும் எம்பும். அப்படி எம்பி எம்பித் தோள் மூட்டு நழுவத் தொடங்கியிருக்கிறது, வீங்கிவிட்டது. பயிற்சி கொடுக்க வருகிறவர், இது நின்றே ஆக வேண்டும் என்று கண்டித்துச் சொல்லிவிட்டார்.

"நாங்க சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்கிறாங்க. நீங்க சொன்னா கேட்பாங்க. கையை விட்டுடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர்" என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பேச ஏற்பாடாயிற்று. அக்கா குளித்து, தலை சீவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். விளக்குக் கழுத்தில் தொங்கிய கேமராவை அத்தான் முதல் முறையாக அவள் முகத்துக்குத் திருப்பி வைத்தார். திரையில் தலையணையில் சாய்ந்த ஒரு அம்மா தெரிந்தார். நரைத்த கூந்தலை உச்சியில் முடிந்திருந்தார்கள், வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அவர் எங்களைப் பார்த்தார், நாங்கள் அவரைப் பார்த்தோம். இரண்டு பக்கமும் யாருக்கும் யாரையும் தெரியவில்லை. யாரோ வேற்று வீட்டுக்குப் போன் போட்டுவிட்டதுபோல் இருந்தது. மகள் போனைத் தாழ்த்திக் கைகளைக் காட்டினாள். ஒட்ட வெட்டிய நகங்களைப் பார்த்ததும் அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

"பச்சைம்மா" என்றாள்.

வலது தோள் எம்பியது. போர்வையின் மேல் கிடந்த கை அரை விரற்கடை நகர்ந்து மறுபடி விழுந்தது.

"வேணாம் பச்சைம்மா. போதும். கையைக் கீழ விடுங்க" என்றாள் அக்கா. தோள் இன்னும் வேகமாக எம்பியது. "நான்தான் சொல்றேன், ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா இருங்க" என்றாள். மகள் ஒரு கையால் அந்தத் தோளைப் பிடித்து அழுத்தினாள். பச்சைம்மாவின் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. வார்த்தைகள் எதுவும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. குரல் மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. அந்தக் குரல் கேட்டால் கையைச் சரிசெய்ய வேண்டும் என்பது மட்டும் அவருக்கு மறக்கவில்லை. அக்கா சொல்லச் சொல்ல அவர் முயன்றுகொண்டே இருந்தார். நெற்றியில் வேர்வை அரும்பியிருப்பது திரையிலேயே தெரிந்தது.

அக்கா பேச்சை நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் தோள் இறங்கியது.

"டீச்சர், கேக்குதா? இன்னொரு தடவை சொல்லிப் பாருங்க" என்றாள் மகள். அக்கா கையை நீட்டி எங்கள் பக்கத்து மைக்கை அணைத்தாள். திரையில் மகளின் வாய் மறுபடி மறுபடி அசைந்தது. அக்கா என் கையில் போனைத் தந்து, எழுது என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். நான் எழுதினேன்: 'என் குரல் இருக்கிற பதிவு எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். அம்மா எவ்வளவு அழுதாலும் போட்டுக் காட்டாதீர்கள். நான் இனி பேச மாட்டேன்.' எழுதியதைக் காட்டினேன். இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, அனுப்பு என்று தலையசைத்தாள். நான் அனுப்பினேன்.